2.4 லட்சம் கிலோமீட்டர் ஓடுன ஸ்கார்பியோ, 3.25 லட்சம் சொல்றாங்க, வாங்கலாமா?

தம்பி, நீ கேட்டத சுருக்கமா மேல போட்டுட்டே பதில் சொல்றேன், இதே யோசனைல இருக்குற மத்தவங்களுக்கும் புரியணும்ல. உனக்கு துபாய்ல வேலை, வருஷத்துல ரெண்டு மாசம்தான் பெரியபட்டினத்துல இருப்ப, வாப்பாவ மாசத்துக்கு ஒரு தடவ மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போகணும், வீட்ல மொத்தம் ஆறு பேரு. பாம்பன்ல ஒரு 2012 ஸ்கார்பியோ வந்திருக்கு, எம்ஹாக் என்ஜின், இப்ப இருக்குறவரு ரெண்டாவது ஓனர், மீன் வியாபாரம் பண்றவரு, மீட்டர்ல 2,40,000, விலை 3.25 லட்சம். "இவ்வளவு கிலோமீட்டர் ஓடிருக்கே, என்ஜின் தாங்குமாண்ணே"ன்னு கேட்டு நாலு போட்டோவும் அனுப்பிருக்க.

என்ஜின் தாங்கும். அந்த 2.2 லிட்டர் காமன் ரெயில் டீசல், நேரத்துக்கு ஆயில் மாத்துன வண்டின்னா 3 லட்சம் தாண்டியும் ஓடும், ராமநாதபுரத்துல எந்த டீசல் ஒர்க்‌ஷாப்ல போய் நின்னாலும் அப்படி ஒண்ணு நிக்கும். பதிமூணு வருஷத்துக்கு 2.4 லட்சம்னா வருஷத்துக்கு 18 ஆயிரம் சொச்சம், ஒரு நாளைக்கு அம்பது கிலோமீட்டர், அதாவது ராமேஸ்வரத்துல இருந்து ராமநாதபுரத்துக்கு ஒரு வழி தூரம்கூட இல்ல. இதெல்லாம் ஒரு ஓட்டமே கிடையாது. அப்படியே என்ஜின்ல ஏதாச்சும் வந்தாலும் செலவு பண்ணா சரி பண்ணிடலாம், டர்போ கிடைக்கும், இன்ஜெக்டர் கிடைக்கும், கிளட்ச் செட் கிடைக்கும், மதுரைல ஸ்கார்பியோவுக்கு கிடைக்காத சாமானே இல்ல. சரி பண்ண முடியாதது ஒண்ணு இருக்கு, அது சேஸ், வண்டிய மொத்தமா தாங்குற இரும்பு அடிச்சட்டம். நம்ம கரையோரத்துல வண்டி சாகுறது கிலோமீட்டரால இல்ல தம்பி, உப்பால. நீ போட்டோல மீட்டரத்தான் பெருசா எடுத்து அனுப்பிருக்க, வண்டிக்கு அடியில ஒரே ஒரு போட்டோதான், அதுவும் தூரத்துல இருந்து.

உப்பு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சாத்தான் எங்க பாக்கணும்னு தெரியும். கடல் காத்துல வர்ற உப்பு வண்டிக்கு அடியில மெல்லிசா படியும், கண்ணுக்குத் தெரியாது. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்த தாண்டுச்சுன்னா அந்த உப்பே காத்துல உள்ள தண்ணிய இழுத்து ஈரமாயிடும், மழையும் வேணாம் கடல் தண்ணியும் வேணாம். நம்ம ஊர்ல ராத்திரியில அந்த ஈரப்பதம் சாதாரணமா வந்துடும். அதனால ஓடாம சும்மா நிக்கிற வண்டியும் ராத்திரி பூரா துருப்பிடிச்சிட்டேதான் இருக்கும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இன்னும் மோசம், வாடைக் காத்துல வடகடல் உப்பு, கச்சான் காத்துல தென்கடல் உப்பு, வருஷம் பூரா ஏதாச்சும் ஒரு பக்கத்துல இருந்து அடிச்சிட்டேதான் இருக்கு. 1914ல தொறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்துல அரிப்பு ஜாஸ்தியாகி 2022 டிசம்பர்ல ரயிலயே நிறுத்தினாங்க, 2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துக்கு துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பியும் பாலிசிலாக்சேன் பெயிண்டும் போட்டாங்க. வருஷக்கணக்கா ஆள் வச்சு பராமரிச்ச இரும்புக்கே அந்த நெலமைன்னா, கழுவக்கூட நல்ல தண்ணி இல்லாத ஊர்ல நிக்கிற காரப் பத்தி நீயே யோசிச்சுக்க.

அதனால நான் எப்பவும் சொல்றது ஒண்ணுதான், கரையோரத்துல பத்து வருஷம் நின்ன 1 லட்சம் கிலோமீட்டர் வண்டிய விட தேனி, திண்டுக்கல் பக்கம் ஓடுன 2.5 லட்சம் கிலோமீட்டர் வண்டி மேல். நம்ம ஆளுங்க இத நம்ப மாட்டேங்குறாங்க, மீட்டரப் பாத்துதான் விலை பேசுறாங்க. டிஎன் 65, அதாவது நம்ம மாவட்ட நம்பரா இல்லையாங்குறதும் முக்கியமில்ல, பரமக்குடி, கமுதி பக்கம் நின்ன வண்டியும் டிஎன் 65தான், அதுல உப்பு கம்மி. வண்டி ராத்திரி எங்க நின்னுச்சு, கடல்ல இருந்து எவ்வளவு தூரத்துல, கூரைக்குக் கீழயா வெட்டவெளிலயா, இதத்தான் முதல்ல கேக்கணும்.

இப்ப உன் வண்டிக்கு வர்றேன். ஓனர் மீன் வியாபாரம்னு நீயே சொல்லிருக்க. தொழிலப் பத்தி ஒண்ணும் தப்பா சொல்லல, நம்ம ஜனங்க சோறு அதுலதான். ஆனா பின் சீட்ட மடக்கி மீன் பெட்டி ஏத்திருந்தா, ஐஸ் உருகி வர்ற தண்ணி வெறும் தண்ணி இல்ல, உப்பும் மீன் ரத்தமும் கலந்த தண்ணி, அது ஃப்ளோர் மேட்டுக்கு அடியில போய் தங்கும், அப்புறம் ஃப்ளோர்ல உள்ள ஓட்டை, தகடு சேர்ற தையல் வழியா கீழ எறங்கி பின் ஆக்சிலுக்கு நேர் மேல சேஸ் மேல சொட்டும். ஸ்கார்பியோ சேஸ் பெட்டி மாதிரி உள்ள வெத்தா இருக்கும், ரெண்டு நீள பீம், நடுவுல குறுக்குச் சட்டங்க. தண்ணி உள்ள போச்சுன்னா வெளிய பளபளன்னு தெரியும்போதே உள்ளுக்குள்ள செதில் செதிலா உதிர்ந்துட்டு இருக்கும். நீ அனுப்புன அடி போட்டோல எல்லாமே புதுசா கருப்பா மினுமினுன்னு இருக்கு பாரு, பதிமூணு வருஷ பாம்பன் வண்டிக்கு அப்படி இருக்க வாய்ப்பே இல்ல, விக்கிறதுக்கு முன்னாடி கருப்பு பெயிண்டோ அண்டர் கோட்டிங்கோ அடிச்சிருக்காங்க. அது ஏமாத்து வேலைன்னு நான் முடிவு பண்ணல, நல்ல எண்ணத்துலயும் அடிச்சிருக்கலாம், ஆனா துருவ சொரண்டாம மேல கோட்டிங் அடிச்சா புண்ண கழுவாம பிளாஸ்திரி ஒட்டுன மாதிரிதான், ஈரம் உள்ளயே தங்கி இன்னும் வேகமாத் தின்னும். அதனால இந்த ஒரு போட்டோவே எனக்கு உறுத்துது.

நீ ஊர்ல இல்ல, உன் மச்சான்தான் போய் பாக்கப் போறாருன்னு சொன்ன. அவருகிட்ட இத அப்படியே காட்டு. வண்டிய சர்வீஸ் ஸ்டேஷன்ல லிஃப்ட்ல ஏத்தணும், இல்லன்னா பள்ளம் உள்ள ஒர்க்‌ஷாப்புக்கு கொண்டு போகணும், தரைல குனிஞ்சு செல்போன் லைட் அடிச்சுப் பாக்குறது பிரயோஜனம் இல்ல. ஒரு சின்ன சுத்தியும் தட்டை ஸ்குரூடிரைவரும் போதும். முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் சேஸ தட்டிட்டே போகணும், நல்ல இரும்பு கணீர்னு கேக்கும், அரிச்ச இடம் பொத்துன்னு கேக்கும். முக்கியமா பின் ஆக்சில் மேல சேஸ் வளையுற இடம், ஸ்பிரிங் உக்காருற இடம், பாடிய சேஸோட பூட்டுற ரப்பர் மவுண்ட் சுத்தி, டீசல் டேங்க் பட்டை, ஸ்டெப்னி தொங்குற குறுக்குச் சட்டம். சேஸ்ல தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டை விட்டிருப்பாங்க, அதுல விரல விட்டுப் பாக்கச் சொல்லு, கைல பழுப்பா பொடி வந்தா பரவால்ல, செதிலா உதிர்ந்தா வண்டிய விட்டுட்டு வந்துடலாம், மேல எதுவும் பாக்கவே வேணாம். புதுசா வெல்டிங் வச்ச தகடு, ஒட்டு எங்கயாச்சும் இருந்தாலும் அதே முடிவுதான். "அண்ணே அது சின்ன ஒட்டுதான்"ன்னு சொல்லுவாங்க, சேஸ்ல சின்ன ஒட்டுன்னு ஒண்ணு கிடையாது, ஆறு பேர ஏத்திட்டு 80ல போற வண்டி அது.

அப்புறம் பிரேக் பைப். வண்டிக்கு அடியில இரும்புக் குழாய்ல பிரேக் ஆயில் பின்னாடி போகும், கரையோர வண்டில இது மேல தொட்டா செதில் வரும். இது மாத்துறதுக்கு பெரிய செலவில்ல, ஆனா மாத்தாம ஓட்டுனா ஒரு நாள் பிரேக்க அழுத்தும்போது வெடிச்சு பெடல் தரைக்குப் போயிடும். அதே மாதிரி ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகிக் கிடக்கும். பானட்டத் தொறந்து வயரிங் கப்ளர்ல ரெண்டு மூணு கழட்டிப் பாக்கச் சொல்லு, உள்ள பச்சையா பூத்திருந்தா எலக்ட்ரிக்கல் தொல்லை வரிசையா வரப் போகுதுன்னு அர்த்தம், இன்னைக்கு சென்சார், நாளைக்கு லைட், அடுத்த நாள் ஸ்டார்ட் ஆகாது, எலக்ட்ரீசியன் ஒவ்வொரு தடவையும் தேடித் தேடிப் பாக்கணும். பின் கதவோட அடிப்பக்கம், நாலு கதவோட அடி ஓரம், ரப்பரத் தூக்கிப் பாக்கணும். பின்னாடி மேட்ட முழுசா எடுத்துட்டு ஃப்ளோர்ல சீட் போல்ட் தலைங்க எப்படி இருக்குன்னு பாக்கணும். மீன் வாடைய சென்ட் அடிச்சு மறைக்கலாம், போல்ட்ட மறைக்க முடியாது.

2017ல அரிச்சல்முனை வரைக்கும் ரோடு போடுறதுக்கு முன்னாடி தனுஷ்கோடிக்கு முகுந்தராயர் சத்திரத்துல இருந்து மணல்லயும் அலைலயும்தான் வண்டிங்க போச்சு. இது 2012 வண்டி, ராமேஸ்வரம் தீவுலயே இருந்திருக்கு, அந்தப் பக்கம் டூரிஸ்ட் ஓட்டுச்சான்னு மொத ஓனர் யாருன்னு விசாரிச்சா தெரிஞ்சிடும், அங்க எல்லாருக்கும் எல்லார் வண்டியும் தெரியும். கடல் தண்ணில சக்கரம் எறங்குன வண்டிய நான் யாருக்கும் வாங்கச் சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணு நம்ம மாவட்டத்துக்கே உள்ளது, ரேடியேட்டர் தண்ணி. நம்ம ஊர் போர் தண்ணி பெரும்பாலும் உப்பு, குடிக்கவே காவேரி கூட்டுக் குடிநீருக்கு குடத்தோட நிக்கிறோம், இதுல ரேடியேட்டருக்கு யாரு நல்ல தண்ணி ஊத்துவா. சூடாயிடுச்சுன்னா கிடைச்ச தண்ணிய ஊத்திட்டுப் போறதுதான் வழக்கம். அந்த உப்பு உள்ள போய் படிமம் கட்டும், அலுமினியத்த அரிக்கும், வாட்டர் பம்ப் போகும், கடைசில ஹெட் கேஸ்கெட். அதனால வண்டி ஆறி இருக்கும்போது ரேடியேட்டர் மூடிய, இல்ல கூலண்ட் டப்பா மூடியத் தொறந்து பாக்கணும். பச்சையோ சிவப்போ கலரோட சுத்தமா கூலண்ட் இருந்தா ஓனர் வண்டிய கவனிச்சிருக்காருன்னு ஒரு நம்பிக்கை வரும், பழுப்புத் தண்ணியோ வெள்ளைப் படிவோ இருந்தா என்ஜின் மேலயும் சந்தேகம் வரணும், ஆயில் மாதிரி மிதந்தா பேச்சே வேணாம்.

இதெல்லாம் தாண்டுனாத்தான் என்ஜின். மச்சான் போறதுக்கு முன்னாடியே "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லணும், போனதும் பானட்டத் தொட்டுப் பாக்கணும், சூடா இருந்தா காலைல ஸ்டார்ட்டிங் பிரச்சனைய மறைக்கிறாங்கன்னு வச்சுக்கலாம். ஆறுன என்ஜின் ஒரு ஸ்டார்ட்ல பிடிக்கணும். வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்துல நிக்கணும், நிக்காம இனிப்பு வாடையோட வந்துட்டே இருந்தா கூலண்ட் எரியுது, நீலப் புகைன்னா ஆயில் எரியுது, கருப்புன்னா இன்ஜெக்டரோ டர்போ பக்கமோ பாக்கணும். ஓடிட்டு இருக்கும்போது ஆயில் மூடியத் தொறந்தா லேசா ஆவி வர்றது சகஜம், புஸ்ஸு புஸ்ஸுன்னு புகை தள்ளுச்சுன்னா அதத்தான் மெக்கானிக்குங்க பேக் கம்ப்ரஷன்னு சொல்லுவாங்க, என்ஜின் பிரிக்கிற வேலை. அப்புறம் ஓட்டிப் பாக்கணும், தெருவுக்குள்ள இல்ல, பாம்பன்ல இருந்து உச்சிப்புளி வரைக்குமாச்சும் மதிய வெயில்ல ஏசி போட்டு. நாலாவது கியர்ல 40ல போகும்போது ஆக்சிலேட்டர அழுத்துனா என்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் போச்சு. பாலத்து மேல காத்துல ஸ்டேரிங் எப்படி இருக்குன்னு தெரியும், அலைபாய்ஞ்சா புஷ், பால் ஜாயிண்ட் வேலை. பின் ஆக்சில் டிஃப்ரென்ஷியல்ல உறுமிட்டே இருக்குற சத்தம் வருதா, 80ல பிரேக் அடிச்சா ஒரு பக்கம் இழுக்குதா, டெம்பரேச்சர் முள்ளு நடுவுல நிக்குதா, இதையும் கவனிக்கணும். இதுல வர்ற குறை எல்லாத்துக்கும் ஒரு விலை இருக்கு, அத கழிச்சு பேசலாம், பயப்பட வேண்டியதில்ல.

மீட்டர் பத்தி ஒரு வார்த்தை. டிஜிட்டல் மீட்டர கொறைக்கிறது இன்னைக்கு பெரிய வித்தையே இல்ல, ஆனா யாரும் 2.4 லட்சத்துக்கு கொண்டு வந்து நிறுத்த மாட்டாங்க, கொறைக்கணும்னா 90 ஆயிரத்துல நிறுத்துவாங்க. அதனால இந்த வண்டி மீட்டர நான் பெருசா சந்தேகப்படல. இருந்தாலும் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல வண்டி நம்பர் சொல்லிக் கேட்டா எப்ப எத்தன கிலோமீட்டர்ல சர்வீஸ் விட்டாங்கன்னு ஹிஸ்டரி இருக்கும், ஓனரையே கூட கூட்டிட்டுப் போயி கேளு. நாலு கண்ணாடிலயும் உள்ள முத்திரை ஒரே மாதிரி இருக்கான்னு பாரு, ஒண்ணு மட்டும் மாறிருந்தா அந்தப் பக்கம் அடி வாங்கிருக்கலாம். டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம், பட்டன் நல்லா இருந்தாலும் ஏழு எட்டு வருஷ டயர்னா மாத்தியே ஆகணும், நாலு டயர் 30 ஆயிரத்த தாண்டும்.

வெள்ள வண்டியும் இப்ப நெறைய சுத்துது. 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலில வந்த வெள்ளத்துல எத்தனை வண்டி முங்குச்சு, அதே மாசம் சென்னைல மிக்ஜாம் புயல், 2024 நவம்பர்ல நம்ம ராமேஸ்வரம், பாம்பன்லயே மேகவெடிப்பு மாதிரி கொட்டித் தீத்துச்சு. சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் இழுத்துப் பாத்தா மண் கறை கோடு தெரியும், ஃப்யூஸ் பாக்ஸ் ஓரத்துல சேறு காஞ்சிருக்கும், டேஷ்போர்டுக்கு அடியில உள்ள இரும்பு துருப்பிடிச்சிருக்கும், அங்க துரு இருந்தா சந்தேகப்படணும்.

பேப்பருக்கு வா. இதுல நீ யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. 2012ல ரெஜிஸ்டர் பண்ண சொந்த வண்டிக்கு 15 வருஷம், 2027ல ஆர்சி முடியுது. அதுக்கப்புறம் ஆர்டிஓ கிட்ட வண்டியக் காட்டி புதுப்பிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ, 2022 ஏப்ரல்ல கார்களுக்கு அந்தக் கட்டணத்தையே 5,000 ரூபாய் ஆக்குனாங்க, அதோட பசுமை வரி, அதுக்கு முன்னாடி வண்டிய தேத்துற செலவு. சேஸ் அரிச்ச வண்டி அங்க நிக்கும்போது என்ன ஆகும்னு சொல்ல வேணாம். அப்ப நீ 3.25 லட்சம் குடுத்து வாங்குறது இனிமே பத்து வருஷம் ஓடுற வண்டிய இல்ல, முழுசா ரெண்டு வருஷம்கூட ஆர்சி பாக்கி இல்லாத வண்டிய, இத விலை பேசும்போது தைரியமா சொல்லு. (டெல்லில டீசல் வண்டி பத்து வருஷம் தாண்டுனா ஓட்டக் கூடாதுன்னு போட்ட உத்தரவு நம்ம ஊருக்கு கிடையாது. ஆனா அங்க இருந்து சல்லிசா வர்ற வண்டிக்கு என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லைங்குற சான்று வாங்கி இங்க திரும்ப ரெஜிஸ்டர் பண்ணி ஆயுள் வரியும் கட்டணும், அத சேத்துப் பாத்தா சல்லிசு இல்ல.)

அரசாங்கத்தோட எம்பரிவாகன் ஆப்ல நம்பரப் போட்டு ஆர்சி யார் பேர்ல இருக்கு, ஃபைனான்ஸ் இருக்கா, இன்சூரன்ஸ் எது வரைக்கும், அபராதம் பாக்கி எவ்வளவுன்னு பாத்துக்க. லோன் இருந்து முடிஞ்சிருந்தா பேங்க் என்ஓசியும், ஆர்சில இருந்து கடன நீக்குற ஃபார்ம் 35ம் வேணும், பேர் மாத்த ஃபார்ம் 29, 30. நம்ம கரைல இன்னொரு ஜாக்கிரதை, கடல் அட்டை, பீடி இலை, மஞ்சள், கஞ்சான்னு கடத்தல் கேஸ்ல பிடிபடுற வண்டிங்க செய்தில வந்துட்டே இருக்கு. கடல் அட்டை 2001ல இருந்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல தடை, அந்த கேஸ்ல மாட்டுன வண்டி கோர்ட்ல பத்திரம் எழுதிக் குடுத்து வெளிய வந்து நின்னுட்டு இருக்கும், அத வாங்கிட்டா கேஸ் முடியிற வரைக்கும் உன் பணம் மாட்டிக்கும். இந்த ஓனர அப்படி சொல்றேன்னு நினைக்காத, எந்த வண்டியா இருந்தாலும் போலீஸ் ஸ்டேஷன்லயும் ஆர்டிஓ ஆபீஸ்லயும் நம்பரக் குடுத்து விசாரிக்கிறது இந்தக் கரைல கட்டாயம். பேர் மாத்தாம வெத்து பாரத்துல கையெழுத்து வாங்கிட்டு ஓட்டுறது சுத்தமா கூடாது. நீ வெளிநாட்டுல இருக்குறதால உன் பேர்ல வேணாம், வீட்டுக்காரம்மா பேர்லயோ மச்சான் பேர்லயோ போடு, ஓடிபிக்கும் கையெழுத்துக்கும் ஊர்ல ஆள் இருக்கணும். இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள்ள பேர் மாத்த எழுதிக் குடுத்துடணும்.

இப்ப பணக் கணக்கு, இது கொஞ்சம் கசக்கும். பெரியபட்டினத்துல இருந்து மதுரை போய் வர சுமார் 270 கிலோமீட்டர். ஸ்கார்பியோ 11 குடுத்தா 24, 25 லிட்டர், லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்கு மேல போகுது, அப்ப டீசலுக்கு 2,300. நீ ஊர்ல இல்லாதப்ப யார் ஓட்டுறது, டிரைவர் ஒருத்தருக்கு சம்பளம் சாப்பாடு ஆயிரம் வை. ஒரு ட்ரிப்புக்கு 3,300, வருஷத்துக்கு 40 ஆயிரம். 1500 சிசிக்கு மேல உள்ள காருக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் 7,897, ஜிஎஸ்டியோட 9,300 ஆச்சு. ஆயில் சர்வீஸ், அப்புறம் இந்த வயசு வண்டிக்கு வருஷா வருஷம் வர்ற சஸ்பென்ஷன், பேட்டரி, ஏசி வேலை, எப்படி கொறச்சுப் பாத்தாலும் ஒரு 45, 50 ஆயிரம். மொத்தம் வருஷத்துக்கு ஒரு லட்சம் கிட்ட, போட்ட மூணேகால் லட்சம் தனி. அதே மதுரைக்கு டாக்சி வச்சா போக வர 4,500 வச்சாலும் வருஷத்துக்கு 54 ஆயிரம், நல்ல புது வண்டி, ரிப்பேர் உன் தலைல இல்ல. ஆஸ்பத்திரிக்கு மட்டும்னா வண்டி வாங்குறதுக்கு கணக்கே இடம் குடுக்கல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வாப்பாவுக்கு மூச்சு முட்டுனா வாசல்ல வண்டி நிக்கிற நிம்மதி இந்தக் கணக்குல வராது, கல்யாணம் காட்சிக்கு ஆறு பேரும் ஒண்ணா போறதும் வராது, அது எனக்கும் தெரியும். அந்த நிம்மதிக்குத்தான் நீ காசு குடுக்குறன்னா அதுக்கு நம்பிக்கையான வண்டி வேணும், பாதி ராத்திரில செல்ஃப் எடுக்காத வண்டி வாசல்ல நின்னு என்ன பிரயோஜனம்.

பாதுகாப்பும் பாரு. 2016ல குளோபல் என்கேப்ங்குற கார் பாதுகாப்பு சோதனை அமைப்பு ஏர்பேக் இல்லாத ஸ்கார்பியோவ மோதிப் பாத்தப்ப பெரியவங்க பாதுகாப்புக்கு ஒரு ஸ்டார்கூட கிடைக்கல. 2012ல ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் மேல் வேரியண்ட்ல மட்டும்தான், உனக்கு வந்தது எதுன்னு நீ சொல்லவே இல்ல. ஏர்பேக் உள்ள வேரியண்ட்னா சாவியப் போட்டதும் ஏர்பேக் லைட் எரிஞ்சு அணையணும், எரியவே இல்லன்னா பல்ப கழட்டிருக்கலாம். வண்டி உசரமா பெருசா இருக்குங்குறதுக்காக பத்திரம்னு நினைச்சுக்காத, ஈசிஆர்ல ராத்திரி மாடு குறுக்க வந்தா உசரமான வண்டிதான் சீக்கிரம் உருளும்.

அப்புறம் நீ இல்லாத பத்து மாசம். வாரத்துக்கு ஒரு தடவ அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைக்கிறது வண்டிக்கு கெடுதல்தான், என்ஜின் சூடாகாது, ஈரம் உள்ளயே தங்கும். மச்சான் வாரம் ஒரு தடவ ராமநாதபுரம் வரைக்கும் போய் வரட்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடாத, கடல் காத்து உள்ள போயி ஈரத்தோட வேகும், கூரையும் காத்தோட்டமும்தான் வேணும். மாசம் ஒரு தடவ அடியில நல்ல தண்ணி அடிக்கணும், போர் தண்ணில கழுவுறதுன்னா கழுவாம விடுறதே மேல். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ்6 (புகை மாசக் கொறைக்கிற புது விதி) டீசல் வண்டி பாக்குறதா இருந்தாலும் இத நெனப்புல வை, அதுல புகை வடிகட்டி இருக்கு, பக்கத்துல பக்கத்துல ஓட்டி நிறுத்துனா அடைச்சுக்கும், அந்த ஒரு விஷயத்துல 2012 வண்டி உனக்கு வசதிதான்.

என் முடிவ கேட்டா, இந்த பாம்பன் வண்டிய 3.25க்கு வாங்காத. லிஃப்ட்ல ஏத்தி சுத்தியால தட்டிப் பாத்து சேஸ் சுத்தமா இருந்துச்சுன்னா 2.5க்குள்ள பேசு, வாங்குன கையோட செலவுக்குன்னு ஒரு லட்சம் தனியா எடுத்து வச்சுட்டுத்தான் அட்வான்ஸ் குடுக்கணும், டயர், பிரேக் பைப், எல்லா ஆயிலும் ஃபில்டரும், கூலண்ட், புஷ் வேலைன்னு அது தன்னால கரையும். ஒரு இடத்துல பொத்துன்னு கேட்டாலும் 1.5 லட்சத்துக்கு குடுத்தாலும் வேணாம். அவசரம் இல்லன்னா ரெண்டு மாசம் பொறுத்து மதுரை, திண்டுக்கல், தேனி பக்கம் பாரு, உள்ளூர்லயே ஓடுன 2014, 2015 வண்டி, மொத ஓனர், சர்வீஸ் ஹிஸ்டரி உள்ளது, மீட்டர்ல 2 லட்சத்துக்கு மேல இருந்தாலும் தயங்காத, ஒரு லட்சம் கூட ஆனாலும் அதுதான் உனக்கு சல்லிசு. ஏழு பேர் உக்கார பொலேரோவும் பாக்கலாம், வசதி கம்மி, வாப்பாவுக்கு நீண்ட தூரம் இடுப்பு வலிக்கும், ஆனா எந்த கிராமத்துலயும் மெக்கானிக் தொறந்து பாத்துடுவாரு.

மச்சான் சனிக்கிழமை போறாருன்னா ஓனருக்கு இன்னைக்கே போன் பண்ணி ரெண்டு விஷயம் கேக்கச் சொல்லு, வண்டிய ராமநாதபுரத்துல சர்வீஸ் ஸ்டேஷன் லிஃப்ட்ல ஏத்திப் பாக்க சம்மதமா, அடியில அந்த கருப்பு பெயிண்ட் எப்ப யார் அடிச்சது. முதல் கேள்விக்கு இழுத்தடிச்சாருன்னா அவ்வளவு தூரம் போகவே வேணாம். சம்மதிச்சாருன்னா பின் ஆக்சிலுக்கு மேல சேஸ், டேங்க் பட்டை, பின் மேட்டத் தூக்குன ஃப்ளோர், கூலண்ட் டப்பா உள்பக்கம், ஆர்சி ரெண்டு பக்கமும், இந்த போட்டோவெல்லாம் கிட்டத்துல எடுத்து அனுப்பு, பாத்துட்டு அன்னைக்கே சொல்றேன்.